தங்கச்சிக்குப் பால் சுறா

எனக்குக் கோபம் வந்தால் ஜூரோங்கில் நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறை முழுவதற்கும் கேட்கும். அங்கே எனக்கு சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. ஹெல்மெட் போடாமல் ஒருவன் நடந்தால் போதும், பெல்ட் மாட்டாமல் ஒருவன் சாரத்தில் ஏறினால் போதும், பிடித்துக்கொள்வேன். "சொன்னா கேக்கமாட்டீங்களாயா? ரூல் எதுக்குப் போட்டிருக்கு, அழகுக்கா?" என்று கத்துவேன். ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் எனக்குப் பின்னால் இதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள் என்றும் தெரியும். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

லீவு கிடைத்தால் கடலுக்குள் போய் மீன் குத்துவது என் பைத்தியம். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. முதுகில் காற்று சிலிண்டர், கையில் ஈட்டித் துப்பாக்கி, கூட ஒரு ஜோடி. தனியாக யாரையும் இறக்கமாட்டார்கள். என் ஜோடி பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு நண்பன், இப்போது கணக்கு வாத்தியார். படகு ஒரு இரவு முழுக்க ஓடி தென்சீனக் கடலில் ஓர் இடத்தில் நிற்கும். அங்கே நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் கவிழ்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றிப் பாறை மீனும் கலவாயும் ஆள் பாதி உயரத்துக்குத் திரியும்.

அந்த ஆழத்தில் தலை லேசாகக் கிறங்கும். இரண்டு பியர் உள்ளே போன மாதிரி ஒரு தைரியம் வரும். அதை நம்பாதே என்று சொல்லித்தான் கீழே அனுப்புவார்கள். இன்னொன்று, அங்கே சுறாக்கள் உண்டு. ஈட்டி விடுகிற 'டக்' சத்தம் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. மீன் துடிக்க ஆரம்பிப்பதற்குள் இரண்டு மூன்று வந்து வட்டம் போடும்.

படகு ஓட்டுகிறவர் ஒரு மலாய்க்காரர். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அங்கிள் என்கிற மாதிரி. ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன்னால் ஒரே பாட்டைப் பாடுவார். குத்திய மீனை இடுப்பில் கட்டாதே, மிதவைக் கயிற்றில் மேலே அனுப்பு. சுறா கேட்டால் கொடுத்துவிடு. சுறாவைச் சுடாதே. கடைசியாகச் சொன்னது அவர் படகில் சட்டம். அதை மீறினவனை அடுத்த தடவை ஏற்றமாட்டார். பட்டறையில் ரூல் ரூல் என்று கத்துகிற நான், அந்தச் சட்டத்தை மனசில் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வாய்க்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா சொல்வது வழக்கம். தங்கை புருஷனுக்கு ஷிஃப்ட் வேலை. வருவார், குழந்தையைப் பார்த்துவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டே போவார்.

குழந்தைக்குப் பால் போதவில்லை. மார்பில் வாயை வைக்கும், நழுவும், அழும். மறுபடி வைக்கும், நழுவும். தங்கை வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிளினிக்கில் எடை போட்டுப் பார்த்து, ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் டின் பால்தான் என்று சொல்லிவிட்டார்கள். டின் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே நிறைய இருக்கிறார்கள், நன்றாகத்தான் ஓடுகிறார்கள். ஆனால் இவளுக்கு அது ஒரு தோல்வி மாதிரி ஆகிவிட்டது. "எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏண்ணே வரல?" என்று என்னிடம் கேட்டாள். அண்ணனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

அம்மாவிடம் ஒரே பதில் இருந்தது. "பிள்ளை பெத்த உடம்புக்குச் சுறாப் புட்டு வைக்கணும்டா. பால் சும்மா குடம் குடமா ஊறும். தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி பால் சுறா வாங்கிட்டு வா. சின்னதா இருக்கும், முழங்கை நீளம். பெருசு வாங்கிட்டு வந்துடாத."

பேசாமல் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரம். மீன்காரர் சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுத்திருப்பார். ஆனால் மறுநாள் சாயங்காலம் எங்கள் படகு கிளம்புவதாக இருந்தது. எனக்குள்ளே இருந்த மாமன் நிமிர்ந்துகொண்டான்.

"ஐஸ்ல எத்தனை நாள் கிடந்ததோ அது. நான் எதுக்கு இருக்கேன்? தாய்மாமன் கையால குத்திக் கொண்டு வந்தாதான் அதுக்கு மரியாதை. ரெண்டு மூணு நாள் பொறு."

"நீ சும்மா இரு லா அண்ணே," என்றாள் தங்கை, சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல். "தேக்காவுல வாங்கினா போதும்."

"ஏய், மாமன் சொன்னா சொன்னதுதான்."

படகில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் பாக்சிக் என்னை இறக்கியிருக்க மாட்டார். சொல்லாததிலிருந்தே தெரியவில்லையா, தப்பு என்று தெரிந்தேதான் இறங்கினேன் என்று?

காலையில் முதலில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். தண்ணீர் தெளிவாக இருந்தது. கப்பலின் விலாப் பக்கத்தில் நண்பன் ஒரு பாறை மீனைக் குத்தினான். நல்ல குத்து. அவன் அதை மிதவைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே சுறாக்கள் வந்துவிட்டன. இரண்டு தள்ளியே நின்றன. மூன்றாவது, சாம்பல் நிறத்தில், என் உயரத்துக்கு இருக்கும், மெதுவாக எங்களுக்கு நடுவே வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. வயிறு தொங்கிப் பெருத்திருந்தது. நான் நினைத்தது இதுதான்: அடடா, என்ன சதைப்பற்று!

நண்பன் கையை ஆட்டி விலகச் சொன்னான். விலகி நிற்பதுதான் முறை. இரண்டு பேரும் முதுகோடு முதுகாக நின்று, கையில் இருக்கும் துப்பாக்கியின் முனையால் தேவைப்பட்டால் அதன் மூக்கை மெல்லத் தள்ளிவிட வேண்டும். பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது. அது எங்களை ஒன்றுமே செய்யவில்லை. எனக்கு ஆபத்து வந்தது, பயந்து சுட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அது பக்கவாட்டைக் காட்டித் திரும்பியபோது நான் நிதானமாகக் குறி பார்த்து, தலைக்குப் பின்னால் விட்டேன்.

ஆழத்துக் கிறக்கம் என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிறக்கத்தில் இருப்பவன் அவ்வளவு நேர்த்தியாகக் குறி பார்க்கமாட்டான்.

அது ஈட்டியோடு ஓடியது. என் துப்பாக்கியில் கட்டியிருந்த கயிறும் மேலே இருந்த மிதவையும் அதன் பின்னாலேயே போயின. ரத்தம் பச்சையாகத் தெரிந்தது. அந்த ஆழத்தில் சிவப்பு தெரியாது. தள்ளி நின்ற இரண்டும் இப்போது தள்ளி நிற்கவில்லை. எங்கிருந்தோ இன்னும் வந்தன. நண்பன் என் தோள்பட்டையைப் பிடித்துக் கப்பலின் இரும்போடு இரும்பாக அழுத்தினான். அவன் மீனைக் கயிற்றோடு விட்டுவிட்டான். பிறகு இருவரும் மேலே ஏறினோம். நினைத்த வேகத்தில் ஏற முடியாது. நடுவில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழி வந்துவிடும். நிற்க வேண்டிய இடத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். கீழே நிழல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் முகமூடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தான். நான் கட்டை விரலைக் காட்டிச் சிரித்தேன்.

நாங்கள் மேலே வருவதற்குள், மிதவை இழுபடுவதைப் பார்த்து, நல்ல மீன் மாட்டியிருக்கிறது என்று படகில் இருந்தவர்கள் கயிற்றை இழுத்துவிட்டார்கள். சுறா தளத்தில் கிடந்தது. உயிர் இருந்தது. நண்பன் சிலிண்டரைக் கழற்றிப் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அறிவிருக்காடா உனக்கு? கீழ நான் ஒருத்தன் இருக்கேன்னு நெனப்பிருந்துச்சா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடா!"

எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. அடுத்து இறங்கக் காத்திருந்தவர்களில் ஒருவர் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சுறா பக்கத்தில் மண்டியிட்டு, கட்டை விரலைத் தூக்கி, "தங்கச்சிக்குப் பால் சுறாடா! மாமன்காரன் கொண்டு வர்றேன்!" என்று கத்தினேன்.

அப்போது அது குட்டி போட்டது.

எனக்கு முதலில் புரியவில்லை. குடல் வெளியே வருகிறது என்று நினைத்தேன். முதல் குட்டி வழுக்கிக்கொண்டு தளத்தில் விழுந்து வாலை அடித்தது. முழுச் சுறா, என் முழங்கை நீளம், கண், செவுள், துடுப்பு எல்லாம் இருந்தது. வயிற்றுக்கு அடியில் ஒரு கொடி தொங்கியது. மனிதப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரியே கொடி. அந்த வீடியோவில் பார்த்தால் தெரியும், குட்டி விழுந்த பிறகும் என் கட்டை விரல் தூக்கினபடியே இருக்கிறது. முகத்தில் சிரிப்பும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. யாரோ "ஓ மை காட்" என்று முனகுவது கேட்கும். அதற்கப்புறம்தான் நான் விரலை இறக்குகிறேன்.

பாக்சிக் ஓடி வந்து ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் விட்டார். ஒன்றிரண்டு நீந்திப் போனதாகப் பிறகு நண்பன் சொன்னான். நான் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாற்பது மீட்டருக்குக் கீழே போகிறவனுக்கு, படகின் விளிம்பில் குனிந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை!

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தாய்ச்சுறா செத்த பிறகு, வீணாகப் போகக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, கத்தியை எடுத்து நானே அதை வெட்டினேன். யாரும் கை கொடுக்கவில்லை. கண்டம் கண்டமாக வெட்டிய துண்டுகளை ஐஸ் பெட்டியில் போட்டேன். கரைக்கு வந்ததும் பாக்சிக் என் சாமான்களைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, இனிமேல் வேறு படகு பார்த்துக்கொள் என்று அமைதியாகச் சொன்னார். பட்டறையில் நான் ஒருவனை வேலையிலிருந்து அனுப்பும்போது எவ்வளவு கத்துவேன் தெரியுமா? இவர் கத்தவே இல்லை. கூனிக் குறுகிப் போனேன்.

வீட்டில் அம்மா துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பால் சுறா இல்லையேடா. தோலே இவ்வளவு தடிமனா இருக்கு. சரி விடு, சுறாதானே. மாமன் கொண்டு வந்தது, வீண் போகாது." வேகவைத்து, சொரசொரத்த தோலை உரித்து, உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிசறி, பூண்டும் இஞ்சியும் வெங்காயமும் நிறையப் போட்டு வதக்கினாள். வாசனை லிஃப்ட் வரைக்கும் போனது. நான் குளித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன் போல வந்து உட்கார்ந்தேன். மத்தியானம். குழந்தை அழுது களைத்துத் தூங்கிப் போயிருந்தது. தங்கை தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிசைந்தாள். அம்மா உள்ளே ரசம் எடுக்கப் போனாள்.

"வீடியோ பார்த்தேண்ணே," என்றாள் தங்கை. தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அனுப்பினா?"

"யாரு அனுப்பினா என்ன? ஊருக்கே வந்திருக்கு. உன் குரலு நல்லாக் கேக்குது."

நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"எத்தனை குட்டிண்ணே?"

"ரெண்டு... மூணு இருக்கும்."

"ஆறு. நான் எண்ணினேன்." ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தட்டில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாயும் எடுத்தாள்.

"சாப்பிடாதம்மா. வேணாம். வச்சிடு," என்றேன்.

"வச்சிட்டு? என் பிள்ளைக்கு நீ குடுப்பியா பாலு?"

தட்டை வழித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னும் கொஞ்சம் புட்டு வைங்க," என்றாள்.

என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் கத்தல் எல்லோருக்கும் நன்றாக வரும். அவள் சாப்பிட்டாள். பெட்டி காலியாகும் வரை ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டாள், நான் எதிரே இருக்கும்போது மட்டும் ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டாள்.

பால் வரவில்லை. குழந்தை அதே மாதிரி நழுவியது, அதே மாதிரி அழுதது. கடைசியில் தங்கைக்குத் தெரிந்த ஒரு பெண் சொல்லி, பால் கொடுப்பதற்கு உதவி செய்யும் நர்ஸ் ஒருவரிடம் போனோம். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சீன அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு குழந்தையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டார். நாக்கைத் தூக்கிப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். நாக்குக்கு அடியில் மெல்லிய நூல் போல ஒரு சவ்வு, நாக்கின் நுனி வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. குழந்தையால் நாக்கை நீட்டவே முடியவில்லை. தாயிடம் குறை எதுவும் இல்லை, குழந்தை இழுத்தால்தான் பால் ஊறும், இதால் இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்றார். டாக்டர் வந்து சின்னக் கத்தரிக்கோலால் அந்தச் சவ்வை ஒரு நறுக்கு நறுக்கினார். குழந்தை வீல் என்றது. தங்கை உடனே எடுத்து அணைத்தாள்.

இந்தத் தடவை நழுவவில்லை. விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. தங்கை என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் இது மட்டும்தானா, என்பது போல ஒரு பார்வை. நான் எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றேன். அசிங்கமாக இருந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் பால் ஊறியது. குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. அம்மாவுக்குக் கத்தரிக்கோல் எல்லாம் கணக்கில்லை. "எம் மவன் கடலுக்குள்ள இறங்கிக் குத்திட்டு வந்த சுறா. புட்டு உள்ள போச்சு, பாலு ஊறிடுச்சு!" என்று போனில் ஒவ்வொரு சொந்தத்துக்கும் சொன்னாள். சிராங்கூன் ரோட்டில் பூக்கடையில் நிற்கும்போதுகூட, யாரென்றே தெரியாத ஓர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்தச் சுறா மாமா?" என்றார். நான் பூவை வாங்கிக்கொண்டு ஓட்டமாக நடந்தேன்.

முப்பதாம் நாள் கழிந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். வீடு நிறையச் சொந்தம். தாய்மாமன்தான் முதலில் குழந்தையைத் தொட்டிலில் இட வேண்டும் என்று என் கையில் கொடுத்தார்கள். புதுச் சட்டையும் வெள்ளி அரைஞாணும் போட்டு, தூக்கமும் விழிப்புமாக என் நெஞ்சில் கிடந்தது. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யப்பா, என் மவளுக்கும் அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. அவளுக்கும் ஒரு சுறா கொண்டு வந்துடுப்பா. கடையில வாங்குறதெல்லாம் வேலைக்கு ஆகாது போல."

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சின்னம்மா, சுறாவால் ஒன்றும் இல்லை, நான் செய்தது பாவம் என்று சொல்ல வேண்டியதுதானே? ஊரையே மிரட்டுகிற வாய்! எல்லோரும் என்னையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கலாம் சின்னம்மா," என்றேன்.

"சுறாவால இல்ல சின்னம்மா," என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "பாப்பா நாக்குலதான் பிரச்சனை. அதைச் சரி பண்ணினதும் பால் வந்துருச்சு. அந்தச் சுறா செத்ததுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"சும்மா இருடி, நல்ல நாளும் அதுவுமா!" என்று அம்மா அதட்டினாள். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அதற்குப் பசி வந்துவிட்டது போலிருக்கிறது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வாயைத் திறந்து, என் சட்டையில் முட்டி முட்டிப் பால் தேடியது.

தங்கை கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அங்க ஒண்ணும் இல்லடா தங்கம்," என்றாள். "இங்க வா."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.